கீழே வைக்க முடியாத கொம்பு

மலையாட்டுக் கொம்புக்கு அடி கிடையாது.
நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டால்
காலியாகும்வரை மேசையில் வைக்க முடியாது.
எங்கள் ஊர் உபசாரம் இதுதான்:
கொடுப்பார்கள்,
வைக்க இடம் தரமாட்டார்கள்.

பதினொரு மாதம் நான் எந்த மேசைக்கும் போகவில்லை.
குடியை விட்ட கையோடு
குடியும் என்னை விட்டது.
மைத்துனன் கல்யாணத்தில் வாசலோடு திரும்பினேன்.
வயிற்றுப்புண் என்றேன்.
பல்வலி என்றேன்.
ஒருமுறை, கார் ஓட்ட வேண்டும் என்றேன்.
என்னிடம் கார் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

குத்தாயிசியில் செவ்வாய்க்கிழமை மாலைகள் ரொம்ப நீளம்.
ரியோனி ஆற்றுப் பாலத்தில்
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடப்பேன்,
ஏதோ தொலைத்தவன் போல.
பஞ்சர் ஒட்டும் ஜும்பர் அங்கேதான் பிடித்தான்.
"கடை மாடியில் மேசை போடுகிறோம்.
ஒயின் கிடையாது. சும்மா வா."
சும்மா எப்படி வருவது என்று
மூன்று வாரம் யோசித்தேன்.

படிக்கட்டெல்லாம் ரப்பர் வாடை.
மேலே ஒன்பது பேர்.
பல் மருத்துவர் மக்வாலா, பஸ் ஓட்டும் தெங்கிஸ்,
ஏழு மாத வயிற்றோடு
சிரிப்பதற்கென்றே வந்த ஒருத்தி,
மற்றவர்களை முகம் பார்த்தே தெரியும்,
நாங்கள் ஒரே பாலத்தில் நடந்தவர்கள்.
வால்நட் அரைத்துச் சுருட்டிய கத்தரிக்காய்,
பாலாடைக்கட்டி உருகும் ரொட்டி,
டாராகன் தழை போட்ட பச்சை சோடா.
"பாசிக்குளம் மாதிரி இருக்கிறதே" என்றேன்.
"பாசி பொங்காது" என்றாள் மக்வாலா.

உண்மையைச் சொல்கிறேன்,
முதல் ஒரு மணி நேரம் படு மோசம்.
மக்வாலா எழுந்து சமாதானத்துக்கு வாழ்த்துச் சொன்னாள்.
நாலே வரி.
பழைய மேசையில் நாக்கு தடிக்கத் தடிக்க
வாழ்த்து நீளும்;
எட்டாவதில் எல்லோரும் சகோதரர்கள்,
பதினாறாவதில் நாற்காலி பறக்கும்.
இங்கே நாலு வரி, அப்புறம் மௌனம்,
யாரோ ரொட்டி மெல்லும் சத்தம்.
என் கைகள் இவ்வளவு பெரியவை என்று
அன்றுதான் கவனித்தேன்.

பிறகு, இறந்தவர்களுக்கான வாழ்த்து.
ரொட்டியில் நாலு சொட்டு ஒயின் விடுவது முறை.
தெங்கிஸ் கையில் ரொட்டி, எதிரே பச்சை சோடா.
"இதை ஊற்றினால்
என் தம்பி எழுந்து வந்து அறைவான்" என்றான்.
அடக்க முடியாமல் சிரித்தது நான்தான்.
அவனும் சிரித்தான். சிரித்தபடியே
ஊறுகாய் ஜாடியை இழுத்து
அந்த உப்புத்தண்ணீரைச் சொட்டவிட்டான்.
"விடிந்ததும் அவன் முதலில் கேட்பது
இதைத்தான்" என்றான்.
அதன்பின் கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
அந்த மௌனம் வேறு.

பாட்டு தொடங்கியது. மூன்று குரல்.
எனக்கு எப்போதும் கீழ்க்குரல்.
இரண்டு அடி போனதும் ஜும்பர் நிறுத்தினான்.
"நீ சுருதி இறங்குகிறாய்."
"எப்போதிலிருந்து?"
"இருபது வருடமாக இருக்கலாம்.
கேட்கிற நிலையில் நாங்கள் யாரும் இல்லையே."
மறுபடி பாடினோம். மறுபடி.
ஏழாம் முறை மூன்று குரலும் ஒன்றையொன்று தொட்டபோது
ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்
"உதைக்கிறது, நிறுத்தாதீர்கள்" என்றாள்.

பதினொரு மணிக்குக் கொம்பு என்னிடம் வந்தது,
பச்சையாய், நுரையோடு.
பாதி குடித்தேன். போதும்.
போதும் என்று மேசையில் நான் சொன்னதே இல்லை.
கொம்போடு நின்றேன்,
வைக்க இடமில்லாத அந்தப் பழைய பயத்தோடு.
ஜும்பர் கீழே இறங்கிப் போனான்.
ஒரு ஸ்கூட்டர் டயரைக் கொண்டுவந்து
தட்டுகளுக்கு நடுவே போட்டான்.
கொம்பை அதன் உள்விளிம்பில் செருகினேன்.
கொஞ்சம் ஆடியது.
நின்றது.

புதன்கிழமை காலை எல்லாம் ஞாபகம் இருந்தது:
யார் என்ன சொன்னார்கள், எந்த அடியில் இறங்கினேன்,
விடைபெறும்போது மக்வாலா என் தாடையைத் திருப்பி
வெளிச்சத்தில் பார்த்தது.
வியாழன் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.
இந்த முறை பல்வலி நிஜம்.