மணம் என்றொரு பத்தி

பள்ளிக்கூடத்தில் நான் சமையற்காரி.
நூலகத்துக்கு இடம் தேடியவர்கள்
மாவு மூட்டை அடுக்கும் அறையைக் காட்டினார்கள்.
அதன் சாவி என் இடுப்பில் இருந்ததால்
நூலகமும் என் தலையில் வந்து விழுந்தது.

சிலோயேக்குக் கிழக்கே
அரை நாளில் நடந்து தீர்த்துவிடலாம் எங்கள் தீவை.
இருபத்தியொரு பிள்ளைகள்.
தொண்ணூற்று நான்கு புத்தகங்கள்
மூன்று பெட்டிகளில் படகேறி வந்தன,
மேல் பெட்டி மழையில் ஊறி.
அடுப்புக்கு மேலே கயிறு கட்டி
ஒரு வாரம் துணிபோல் காயப்போட்டேன்.
கீழே பருப்பு கொதித்தது.

இரண்டு மாதம் யாரும் வரவில்லை.
வந்தவர்களும் சூட்டுக்கு வந்தவர்கள்.
ஆசிரியர் சுவரில் ஒட்டிய “படி, பறப்பாய்”
ஈரத்தில் பாதி உரிந்து
“படி” மட்டும் மிஞ்சி நின்றது,
அதட்டல்போல.

அலுவலகம் தந்த பேரேட்டில் ஆறு பத்திகள்:
எண், தலைப்பு, பெயர், போன நாள், வந்த நாள், சேதம்.

பதினேழாம் எண்ணை எடுத்தவன்
பால்தொமேரோ மில்லாலோன்கோ.
கடலுக்குப் போன ஆட்டின் கதை.
படத்துக்காகத்தான் எடுத்தான், ஒளிக்கவில்லை.
திரும்பி வந்ததும் சேதம் என்ன என்று பார்த்தேன்.
கிழியவில்லை. கறையில்லை.
முகர்ந்து பார்த்து எழுதினேன்:
“புகை. குழியில் சுட்ட சிப்பி. கொஞ்சம் ஈர நாய்.”

மறுநாள் யாஸ்னா பர்ரியா
புத்தகம் எதையும் தொடவில்லை,
பேரேட்டை வாசித்தாள்,
விரல் வைத்து, உதடசைய.
“அவங்க வீட்டில் நாய் இருக்கா?”

படகு கட்டும் ஒரு கம்பத்துக்காக
இரண்டு அப்பாக்களும் பேசி
நான்கு வருடம் ஆயிற்று.
பதினேழை வாங்கிக் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மழையில் ஓடினாள்.

ஆப்பிள் புளிப்போடு திரும்பியது,
பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வைக்கோல்.
பால்தொமேரோ மறுபடி கேட்டான்.
“பார்த்ததுதானே?”
“இப்ப வேற மாதிரி இருக்கும்.”
இந்தத் தடவை எழுத்தையும் படித்திருக்கிறான்:
ஆடு திரும்பி வந்ததா இல்லையா என்று
யாஸ்னாவோடு அடுப்படியில் ஒரே சண்டை.
நான் நடுவில் புகவில்லை.

அதற்குப் பிறகு பேனாவுக்கு ஓய்வில்லை.
மண்ணெண்ணெய். குழந்தை எச்சில். மீன்வலை.
அழுத உப்பா, கடல் உப்பா?
தெரியாமல் இரண்டையும் எழுதினேன்.
ஒருநாள் “சேதம்” என்பதை அடித்துவிட்டு
மேலே “மணம்” என்று போட்டேன்.

ஆகஸ்டில் கரையிலிருந்து வந்தார்
கண்காணிப்பாளர் எரிபெர்த்தோ சால்திவியா.
“அச்சடித்த தலைப்பை அடித்திருக்கிறீர்களே, அம்மா?”
கண்ணாடியை மாற்றிப் போட்டார்.
ஒரு பக்கம் புரட்டினார். இன்னொன்று.
மாவு மூட்டையில் உட்கார்ந்தார்.
மூன்று மணிப் படகு அவரில்லாமல் போயிற்று.
உருளைக்கிழங்கு சூப் கொடுத்தேன், குடித்தார்.
காலையில் பதினேழை எடுத்துக்கொண்டு
பிள்ளைகளைப் போலவே
முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது.
வட்டமாக நின்று மாறி மாறி முகர்ந்தார்கள்.
ஒன்றுமில்லை. சோப்பு வாசம்கூட.
“அந்த ஆள் திறக்கவே இல்லை” என்றான் பால்தொமேரோ,
தன் சொந்த ஆட்டை யாரோ ஏசியதுபோல.
யாஸ்னா ஒவ்வொரு தாளாகத் தள்ளினாள்.
ஆடு கரையைத் திரும்பிப் பார்க்கும் இடத்தில்,
நடு மடிப்பில்,
ஒரு நரைமுடி.

யாரும் அதை எடுக்கவில்லை.
“மணம் இல்லை. நரைமுடி ஒன்று, பக்கம் இருபத்தாறு.
படித்திருக்கிறார்” என்று எழுதி
நான் நிமிர்வதற்குள்
சின்ன மில்லாராய் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்று பருப்பு அடிப்பிடித்துவிட்டது.
பதினேழில் அந்த வாசமும் இருக்கும்.