மூன்றாம் முடக்கு வரை

டயகமைப் பக்கம் ஏறுகிற ரோட்டில்
மூன்றாம் முடக்கு வரை மூன்று கோடு.
சவுக்கு மரம் தாண்டினால் ஒன்று.
அதற்கப்பால் என் கையிலுள்ள கருவி
மைனஸ் நூற்றுப் பதினாலு என்று முனகிவிட்டு
வாயை மூடிக்கொள்ளும்.

கம்பனி எனக்குச் சம்பளம் தருவது
இந்த வாய்மூடும் இடங்களுக்காக.
நடந்து போய்ப் பார்த்து
வரைபடத்தில் பச்சைப் பேனையால் சுற்ற வேண்டும்.
வட்டமாக ஒருநாளும் வந்ததில்லை;
மலை கடித்துவிட்டு வைத்த ரொட்டிதான் வரும்.

மேற்பிரிவில் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால்
ஒரு பாறை.
"இந்தக் காலு இங்கன, அந்தக் காலு அங்கன வச்சா
டோஹா கேக்கும்" என்றாள் சந்திரவதனி.
அவள் சொன்ன இரண்டு இடத்திலும்
பாசி தேய்ந்து கல் வெளுத்திருந்தது.
அளந்தேன். சரிதான்.
ஒரு முழம் இடப்பக்கம் நகர்ந்தால்
புருஷன் அறுந்து போவான்.

வீச்சு என்ற சொல்லை நான் படித்தது
பத்தாம் வகுப்பில்.
பெரியதிலிருந்து சின்னதைக் கழி, அவ்வளவுதான்
என்றார் விமலாம்பிகை டீச்சர்.
உதாரணத்துக்கு எங்கள் தோட்டத்துக் கணக்கையே போட்டார்:
கூடியது இருபத்தாறு கிலோ,
குறைந்தது ஒன்பது.
நடுவில் நின்ற பதினெட்டுக்காரிகள் யாரையும்
அந்தக் கணக்குக்குத் தெரியாது.
ஒன்பது கிலோ என் அம்மா.
அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.
பதினேழு டீச்சர், என்று
நான்தான் எழும்பிச் சொன்னேன்.
கெட்டிக்காரன் என்றார்.

லிந்துலையில் தங்குகிற ஞாயிறுகளில்
கோயிலுக்குப் போவேன்.
ஆர்மோனியத்தின் மேல்பக்கம் மூன்று கட்டை செத்துப்போய்
வருஷக் கணக்காகிறது.
ஸ்டனிஸ்லாஸ் எந்தப் பாட்டையும் அதற்காக இறக்குவதில்லை.
விரல் செத்த கட்டைக்குப் போகும்,
காற்று மட்டும் வரும்,
அந்த இடத்தில் சனம் கொஞ்சம் சத்தமாகப் பாடும்.

இந்த முறை வேனில் கூட வந்தவன் விராஜ்,
குருவி எண்ணுகிறவன்.
நீலமாய் ஒன்று, விடியுமுன் சீழ்க்கை அடிப்பது,
இந்த மலைகளை விட்டு வேறெங்கும் இல்லையாம்.
முன்பு கீழ் ஓடையில் கேட்டதாம்,
இப்போது நானூறு அடி மேலே.
"சூடு ஏறினா அதுவும் ஏறும்."
பிறகு?
"இன்னும் மேல."
பிறகு?
விராஜ் மலையைப் பார்த்தான்.
உச்சியில் மூடுபனி கிடந்தது,
அதற்கு மேல் மலை இல்லை.

சாயங்காலம் வேனுக்குள் விளக்கைப் போட்டு
வரைபடத்தை விரித்தேன்.
கொழும்பில் இருப்பவர்கள் கணக்குத் தெளிவானது:
இருநூறு பாவனையாளர் இல்லாத இடத்தில்
டவர் நிற்காது.
மேற்பிரிவில் நாற்பத்திரண்டு காம்பறா.
இருந்தாலும் அந்தப் பாறையைக் குறித்துவிடலாம் என்று
பேனையைத் திறந்தேன்.

இந்த அளவுத்திட்டத்தில்
முனையை லேசாக வைத்தாலே புள்ளி ஐம்பது மீட்டர்.
அவளுடைய இடமோ இரண்டு பாதம்.
அவ்வளவு சின்னதாக வரைய
என் பேனைக்குத் தெரியாது.
வைத்தால், அங்கே கவரேஜ் உண்டு, ஆகவே
ஒன்றும் செய்ய வேண்டாம் என்பார்கள்.
வைக்காவிட்டால்
பாறையே இல்லை.

கொஞ்ச நேரம் பேனையைக் காகிதத்துக்கு மேல்
பிடித்தபடி இருந்தேன்.
விராஜ் தூங்கிவிட்டான்.
கண்ணாடிக்கு அப்பால் மழை தூறத் தொடங்கியது.
கொங்காணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு
அவள் பேசிக்கொண்டிருந்தாள்,
கை ஆட்டி, தலை ஆட்டி,
ஒரு தரம் குனிந்து சிரித்து,
இரண்டு காலை மட்டும்
அசைக்காமல்.