இருபத்திரண்டு பாகை

ஆரல்வாய்மொழிக் கணவாய் வாய்திறக்கும் இடத்தில்
முள்ளும் சரளும் கிடந்த ஒரு விளையில்
எண்பது மீட்டர் கம்பம் நட்டோம், சித்திரையில்.
"எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனது
தோவாளைக்குப் பூ ஏற்றிய டெம்போ.

உச்சியில் மூன்று கிண்ணங்கள், வேகத்துக்கு.
சற்றுக் கீழே ஒரு வால், திசைக்கு.
பத்து நிமிடத்துக்கு ஒரு வரி:
சராசரி, உச்சம், விலக்கம், பாகை.
காற்றுக்கு முகவரி என்றால்
வந்த இடம்தான்.
போகிற இடத்தைக் கேட்க
எங்களிடம் கட்டம் இல்லை.

மாதாமாதம் கணினியில் ஒரு பூ விரியும்.
எந்தத் திசையில் இதழ் நீளமோ
அங்கிருந்து அதிகம் வீசியது என்று பொருள்.
தோவாளையில் யாரும் விலைபேசாத பூ.
ஒன்பது மாதம் அதை நம்பினேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம்
டிபன் பாக்ஸைத் திறக்க நிழல் தேடி
உடைமரத்தடியில் உட்கார்ந்தேன்.
அங்கே எல்லா மரமும் ஒரே பக்கம் படுத்திருக்கும்,
எண்ணெய் வைத்துத் தலை வாரியதுபோல.
வேலையில்லாத கை
போனில் திசைகாட்டியைத் திறந்து
கிளையோடு சேர்த்து வைத்தது.
மரம் சொன்னது இருநூற்று எழுபது.
என் பூ சொல்லிக்கொண்டிருந்தது
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

அடுத்த மரம். அதற்கடுத்தது.
சாம்பார் சாதம் ஆறிப்போனது.

கம்பம் ஏறுகிற ஏசுவடியானைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"ஆனி பதினேழு. வால் லூசா ஆடிட்டு இருந்து.
வடக்குக் கோட்டப் பாத்துத்தான் முறுக்கினேன்.
பொறவு காத்து ஒரு அடி அடிச்சு,
கண்ணுல மண்ணா தண்ணியான்னு தெரியல்ல.
ரெண்டாந்தடவ பாக்கல்ல, பாத்துக்கிடுங்க."

அளக்கப் போனவனை
அளக்கவிடாமல் தள்ளியதும் அதே காற்று.
வேகம் அன்று நொடிக்கு இருபத்தொன்று மீட்டர்.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

"வடக்கு சரிபார்க்கப்பட்டது" என்ற கட்டத்தில்
அன்று கையெழுத்திட்டது யார் என்று தேடினேன்.
என் கையெழுத்து.
மண் பறக்கிறதென்று கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஜீப்புக்குள்ளிருந்து போட்டது.

திருத்தம் ஒரே வரி.
ஆனி பதினேழு மாலை நான்கு இருபதுக்குப் பிறகு
ஒவ்வொரு பாகையிலும் இருபத்திரண்டைக் கழி.
விசையைத் தட்டினேன்.
முப்பத்தொன்பதாயிரம் காற்றுகள்
ஒன்றாகத் திரும்பி நின்றன.
வெளியே ஓர் இலையும் இடம் மாறவில்லை.

வரைபடத்தில் மட்டும் கோபுரங்கள் நடந்தன.
ஒன்றின் பின்னால் ஒன்று நின்றால்
பின்னதற்குக் கிடைப்பது எச்சில் காற்று.
அதனால் ஏழாம் எண்
தாணுலிங்கத்தின் விளையை விட்டு இறங்கி
சந்தனக்கனியின் பனைவிளைக்குள் போயிற்று.
குத்தகைப் பணமும் கூடவே போயிற்று.

அவர் போன் செய்தார்.
"காத்து மாறிட்டோ?"
"மாறல்ல."
"பொறவு?"
மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
ஒவ்வொன்றிலும் காற்றுக்குத்தான் நியாயம் இருந்தது.
ஏசுவடியான் பெயரைச் சொல்லவில்லை.
என் பெயரையும்தான்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
நிச்சயமின்மைக்கென்று ஓர் அட்டவணை உண்டு.
கருவியின் பிழை, உயரத்தின் பிழை,
வருடத்துக்கு வருடம் மாறும் பிழை.
எல்லாவற்றையும் இருமடியாக்கிக் கூட்டி
வர்க்கமூலம் எடுத்தேன்.
தாணுலிங்கம் அதில் எங்கும் வரவில்லை.

வைகாசியில் கம்பத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினோம்.
கம்பிகளைக் கட்டியிருந்த கொக்கிகள் மட்டும்
காங்கிரீட்டோடு தங்கிவிட்டன.
ஒன்றில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.
அது காற்றுக்குப் புட்டத்தைக் காட்டிக்கொண்டு
கிழக்கே பார்த்து அசைபோட்டது.

பழக்கதோஷம்,
போனை எடுத்தேன்.
இருநூற்று எழுபத்திரண்டு.
அந்த இரண்டை
ஆட்டுக்கே விட்டுவிட்டேன்.