போணி

எட்டுப் பேர் அல்லது அறுநூற்று முப்பது கிலோ.
இருபத்திரண்டு வருடமாக
இந்த வரியில்தான் என் காலை விடிகிறது.
வூச் நகரத்து லிஃப்டுகளின் கயிற்றைத் தடவி,
பிரேக்கை அதட்டி,
கதவு கடிக்கிறதா என்று
என் விரலையே கொடுத்துப் பார்த்து,
ஓராண்டுக்குச் செல்லும் என்று
கையெழுத்துப் போடுகிறவள். இவோனா.

நவம்பரில் நாற்பத்தெட்டு முடிந்தது.
அதிலிருந்து கண்ணை மூடினால்
எங்கோ ஒரு ஷட்டர் கடகடவென்று திறக்கிறது.
உள்ளே என்ன விற்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

நாய் குளிப்பாட்டும் கடை என்றேன்.
போகுஷ் பதில் சொல்லவில்லை,
தும்மினான்.
சோப்பு காய்ச்சினேன்.
பாத்திரத்துக்குப் பரவாயில்லை அம்மா,
முகத்துக்கு வேண்டாம் என்றாள் லித்கா.
சாவி வெட்டும் எந்திரம், பழையது,
நாலாயிரம் ஸ்லோட்டி.
விற்க வந்தவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு
யோசித்துச் செய்யுங்கள் என்று
திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

உள்ளதும் போச்சு என்று ஆகிவிடப் போகிறது
என்றான் கொழுந்தன் வால்தெமார்.
உடம்பைக் கறுப்பாக்கும் விளக்குக்கடை வைத்து
மூன்றே குளிர்காலத்தில்
தானே கருகிப்போனவன். அவன் சொன்னால்
சும்மா தள்ளவும் முடியாது.
ஓய்வூதியத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருடம்.
பன்னிரண்டு கையெழுத்து, ஒவ்வொரு கயிற்றுக்கும்.

ரெத்கினியாவில்
பதினோரு மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் உண்டு.
நாலு மாடிக்குக் கிடையாது.
கட்டிய காலத்தில்
எல்லாருக்கும் கால் நன்றாக இருந்தது போல.
அந்த வாசல்களில் எனக்கு வேலையில்லை.
போனதும் இல்லை.

போன வியாழன், அலுவலகத்தில் யாரோ
நாற்பத்தொன்றைப் பதினாலு என்று எழுதிவிட்டார்கள்.
சீருடையோடு நான் நின்றதைப் பார்த்து
நாலாம் மாடி ஜன்னல் கத்தியது:
"கடைசியில் எங்களுக்கும் வைக்கப் போகிறீர்களா?"

ஸ்லாவோமிர், தபால்காரர்.
பனியில் வழுக்கி, தொடைவரை மாவுக்கட்டு.
ஊருக்கெல்லாம் படியேறியவருடைய சாமான்கள்
கீழே, தபால்பெட்டிகளுக்கு அடியில்,
கடைப்பையன் போட்டது போட்டபடி:
பத்துக் கிலோ உருளைக்கிழங்கு,
பால், பூனைக்கு மணல்.
பூனை மேலிருந்து
என்னைவிட அவசரமாகக் கூப்பிட்டது.

எழுபத்திரண்டு படி.
இரண்டாம் மாடியில் மூச்சு,
மூன்றில் இடது முழங்கால்,
நாலில் ஒரு சிரிப்பு. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
நானே லிஃப்ட்.

இருபது ஸ்லோட்டி நீட்டினார்.
ஐயோ, வேண்டாம் என்றேன்.
கை பின்னால் போய்விட்டது.
"வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா.
இனாமாகச் செய்தால்
நாளைக்குக் கூப்பிட எனக்கு வாய் வருமா?"

வாங்கினேன்.
சம்பளம் ஒருநாளும் இப்படிக் கையில் சுட்டதில்லை.

இறங்கும்போது கதவுகளை எண்ணினேன்.
மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலி,
தூசி மூடி, சங்கிலியில்.
இரண்டில் இரட்டைக் குழந்தை வண்டி,
பின்னாலேயே ஒரு தாயின் பெருமூச்சு.
எதிர்க் கட்டடத்திலும் நாலு மாடி.
அதற்கடுத்ததிலும்.

ராத்திரி, ஆய்வுப் படிவத்தின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்:
படியேறும் மூன்று சக்கரத் தள்ளுவண்டி,
திடமான பையன் ஒருவன், வாரத்தில் மூன்று நாள்,
என் முழங்காலுக்குத் தைலம்.
கூட்டல் ஒரு தடவை லாபம், ஒரு தடவை நஷ்டம்.
மூன்றாம் தடவை கூட்டப் பயந்து
பேனாவை மூடினேன்.

சர்க்கரை டப்பாவில் இருபது ஸ்லோட்டி அப்படியே கிடக்கிறது.
செலவழிக்க மனசில்லை.
காப்பிக்குச் சர்க்கரை எடுக்கப் போன போகுஷ்
நோட்டை விரல் நுனியால் தூக்கி, இது என்ன என்றான்.

போணி, என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தும்மவும் இல்லை.
நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு,
சர்க்கரை இல்லாமலே குடித்தான்.

ரசீதுப் புத்தகம் எங்கே கிடைக்கும், தெரியுமா
என்று கேட்டேன்.