நிகர எடை

புதுவயலில் துணி காயப்போடுகிற எவருக்கும் தெரியும்
காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று.
ஆலைப் புகைக்கூண்டின் உமிச்சாம்பல்
முதலில் வெள்ளைச் சட்டையில் உட்காரும்,
பிறகு மூடாத தயிரில்,
பிறகு என் தொலைநோக்கியில்.

பகலில் எனக்கு எடைமேடை.
நெல்லோடு வண்டி. நெல்லில்லாமல் வண்டி.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து,
ஈரத்துக்குக் கொஞ்சம், பதருக்குக் கொஞ்சம்,
தூசிக்கென்று மூட்டைக்கு முக்கால் கிலோ தள்ளி
சீட்டு எழுதுவேன்.
"தூசிக்கு ஏதும்மா இம்புட்டுக் கனம்?"
திருவாடானைப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார்,
சண்டைக்கு இல்லை, நிஜமாகவே.
பதில் சொல்லவில்லை. வரிசையில் ஏழு வண்டி.

மாசியில், இரவு இரண்டு மணிக்கு மேல்,
கொல்லையில் முக்காலியை நிறுத்துகிறேன்.
துருவ நட்சத்திரத்தைப் பிடித்துத்தான் அச்சைச் சரிபார்க்க வேண்டும்.
எங்கள் ஊரில் அது பத்து பாகை உயரம்.
அந்தப் பத்து பாகையிலும்
வள்ளிக்கண்ணு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.
ஆகவே வேறொரு நட்சத்திரம் எப்பக்கம் நழுவுகிறதென்று பார்த்துப் பார்த்து
திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று.
மாசிப் பனி மச்சைத் துளைக்குமாம்,
லென்ஸை விடுமா?
ஹேர் டிரையர் பிடித்து
அதற்கு மட்டும் கொஞ்சம் கோடை காட்டுகிறேன்.

கேமரா பழசு.
காரைக்குடி ஸ்டூடியோ ஒன்று
இருநூறு கல்யாணம் எடுத்துவிட்டுத் தள்ளிய உடம்பு.
சிவப்பு சரியாய் விழட்டுமென்று உள்ளே ஒரு வடிகட்டியைக் கழற்றியாயிற்று.
இனி எந்த மணப்பெண்ணை எடுத்தாலும்
செங்கல்லாய்த்தான் வருவாள்.

குறி வைப்பது கேட்டைக்கு.
என் நட்சத்திரம்.
மாப்பிள்ளைக்கு அண்ணன் இருந்தால் ஆகாது என்று
நான்கு ஜாதகங்களைத் திருப்பி அனுப்பிய நட்சத்திரம்.
ஐந்தாவது மாப்பிள்ளைக்கு அண்ணன் இல்லை.
வேறு சிலவும் இல்லை.
அந்த நான்கு அண்ணன்மார்களும்
சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

வெறுங்கண்ணுக்கு அது ஒரு செம்பொட்டு,
பக்கத்தில் ஒன்றுமில்லை.
மூன்று நிமிடம் திறந்து வைத்தாலும் ஒன்றுமில்லை.
சாம்பல் நிறத்தில் சாம்பல்.
ஒரு இரவு இருபது படம். இன்னொரு இரவு முப்பது.
பதினோரு இரவு.

தெருவிளக்கின் வெளிச்சத்தைக் கழி.
கேமராவின் சூட்டைக் கழி.
விடியும்போது குழாயின் வாயில்
தம்பியின் சலவை வேட்டியை இழுத்துக் கட்டி
வெளிறும் வானத்தை எடு.
சென்சாரில் ஒட்டிய உமிச்சாம்பல்
உளுந்துவடை உளுந்துவடையாக நிழலாடும்.
அதைக் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும்.
இது புரிய எனக்கு ஒரு வருஷம்.

மிச்சம்:

கேட்டையைச் சுற்றி மஞ்சள் புழுதி,
அறந்தாங்கிச் சாலையில்
லாரி போன பிறகும் போகாமல் நிற்குமே, அது.
அதற்கு மேலே ஒரு நீலம்.
அங்கிருந்து கிழக்கே ஓடும் கருப்பு ஆறு.
வானத்தில் ஓட்டை என்று நினைத்திருந்தேன்.
அதுவும் தூசிதான்,
வெளிச்சம் படாதது.

பாய்லர் பார்க்கும் சேவுகப்பெருமாளிடம்
போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கினார்.
சிறிதாக்கினார். திரும்பப் பெரிதாக்கினார்.
"எந்த ஊரு மில்லு இது?
இம்புட்டுப் புகை விடுறான், கேக்க ஆளில்லையா?"
அன்றிலிருந்து அவர்
சாம்பலை ஐந்து மணிக்கு மேல்தான் தள்ளுகிறார்.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
தயிர் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது.

பங்குனியில் திருவாடானைக்காரர் மறுபடி வந்தார்.
நெல்லோடு வண்டி. நெல்லில்லாமல் வண்டி.
தூசி என்ற கட்டத்தில் கை சற்று நின்றது.
பிறகு முக்கால் என்றே எழுதினேன்.
"கனம் இருக்குங்க" என்றேன்,
ஒரு மாசம் கழித்து.