ஆணி

ஒரு நாளைக்கு மூன்று முறை தீவைச் சுற்றுவான்.
முதல் சுற்றில் எழுவேன்.
பாறைக்குழிகளில் தேங்கிய கடல்
ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருக்கும்.
இரண்டாவதில் பார்லி மாவு பிசைவேன்.
மூன்றாவதில் ஆடுகளை அடைப்பேன்.
கிரீட் தீவின் தென்கரையில்
உப்பு வழிப்பவளுக்கு வேறென்ன கடிகை?
வெண்கலக் கால் ஒன்று விழும்,
குழிகளில் நீர் நடுங்கும்,
மறுகால் விழுவதற்குள்
ஒரு ஆலிவ் பழம் தின்று கொட்டையைத் துப்பிவிடலாம்.

தாலோஸ் என்பார்கள் அரண்மனைக்காரர்கள்.
நொண்டிக் கொல்லக் கடவுள் வார்த்த காவலனாம்.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒற்றை நரம்பு,
அதன் வாயை அடைத்து ஓர் ஆணி.
நாங்கள் பெயர் சொல்வதில்லை.
'போகுது' என்போம்,
மழையைச் சொல்வதுபோல.

அந்நியக் கப்பலுக்குக் கல்.
கல்லுக்குத் தப்பி நீந்தி வருகிறவனுக்கு
அணைப்பு.
நெருப்பில் நின்று சிவந்து
கை விரித்து வருவான்.

லம்ப்ரியாஸ் நீந்தி வந்தவன்.
ரோட்ஸ் தீவில் பாய் தைப்பவன்,
காதில் ஒரு மடல் கிடையாது.
உப்புக் கிடங்கில் நான்கு நாள் வைத்திருந்தேன்.
'இங்கே எல்லாவற்றிலும் உப்பு,
உன் கழுத்திலும்' என்று சிரித்தான்.
ஐந்தாம் நாள் விறகு பொறுக்கப் போனான்,
இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவே.
நேரம் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.
அன்று பார்த்து
அது சற்று முன்னால் வந்தது.

மறுநாள் காலடி கேட்டது. எழுந்தேன்.
என்ன செய்வது, விடிந்திருந்தது.

பிறகு அந்தக் கப்பல்.
ஐம்பது துடுப்பு, வீரர்கள் எல்லாரும்
கேடயத்துக்குப் பின்னால் பதுங்கியிருக்க,
முன்னணியத்தில் ஒருத்தி மட்டும் நின்றாள்,
கொல்கிஸ் நாட்டுக்காரி, தலைமயிர் காற்றில்.
மந்திரம் போட்டாள் என்கிறார்கள்,
சாகாவரம் தருவதாக ஏய்த்தாள் என்கிறார்கள்.
நான் பாறை மறைவில் இருந்தேன்.
அவள் கேட்டது இவ்வளவுதான்:
'களைப்பாக இல்லையா உனக்கு?'

உயர்த்திய கல்லைக் கீழே வைத்தான்.
உட்கார்ந்தான்.
அவன் உட்கார்ந்து
தீவில் யாரும் பார்த்ததில்லை.
முள்ளெடுக்க நீட்டுவதுபோல
காலை அவளிடம் நீட்டினான்.

உருக்கிய ஈயமாய் ஓடியது அவன் உயிர்.
என் உப்புக்குழிகள் இரண்டில் புகுந்து உறைந்தது.
அந்த உப்பை ஆடுகூட நக்குவதில்லை.

அன்று மாலை ஆடுகள் அடைபடவில்லை.
கோர்ட்டிஸ் வீட்டு ரொட்டி கருகிற்று.
உச்சிவெயில் எப்போது என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பத்து நாளில் ஒரு சிறு படகு.
இடுப்பளவு நீரில் நின்று
வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள், கல் வருமென்று.
வரவில்லை.
தண்ணீர் கேட்டார்கள்.
எங்கள் பேச்சில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும்
ஒரே சொல்தான்.
அதை இரண்டாவது பொருளில்
உரக்கச் சொன்னது அன்றுதான்.
நாக்கு இடறியது.

அவன் இன்னும் மணலில் கிடக்கிறான்.
விலாவில் நண்டுகள் குடியேறிவிட்டன.
பிள்ளைகள் கல்லெறிய, கரை முழுக்க அதிர்கிறது.
'போங்கடா' என்று விரட்டுவேன்.

ஆணி என்னிடம் இருக்கிறது.
யாருக்கும் தெரியாது.
பிள்ளைகள் போனபின் எடுத்துவந்து
அவன் மார்பில் ஒரு தட்டு தட்டுவேன்.
ஓங்கித்தான்.
குழிகளில் நீர் நடுங்கும்.
அடங்கும்வரை பார்த்துவிட்டு
மாவு பிசையப் போவேன்.