எதற்கும் இருக்கட்டும்

மின்கம்பத்தடியில் நான்கு பீரங்கிக் குண்டுகளைச்
சாய்த்து வைத்திருக்கிறேன்,
பால்காரனுக்குக் காலிப் புட்டிகளை வைப்பதுபோல.
நூறு வருடத்துக் குண்டுகள்.
ஈப்பர் பக்கத்து மண், உழ உழக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.
செவ்வாய்க்கிழமை ராணுவ லாரி வந்து எடுத்துப்போகும்.

வாரம் முழுக்க நேட்டோ அலுவலகத்தில் வரைபடங்கள்,
சனி ஞாயிறு என் மாடி அறை:
மேஜர் ஓக்கர்லண்ட்
காப்பிக் கோப்பையோடு பத்தடி பின்வாங்கினாள்.
"வெடிக்காதா?"
வெடிக்கும் என்றேன்.
போன வருடம் யோரிஸின் டிராக்டர் போனது.
நல்லவேளை, அவன் ஒன்றுக்குப் போயிருந்தான்.

அவள் நெப்ராஸ்காக்காரி.
அங்கே உழுதால் கல் வருமாம், எப்போதாவது அம்பு முனை.
யாருடைய அம்பு என்று நான் கேட்கவில்லை.
சாப்பாட்டு நேரம்.

"போர் என்றால் எங்களுக்கு விமான நிலையம்.
போய் வழியனுப்புவோம்.
அண்ணன் கொடிக்குள் திரும்பி வந்தான்."
உப்பை நகர்த்திக் கொடுத்தேன்.

"நீங்கள் பேசி முடிப்பதற்குள் ஓர் ஊர் எரிந்துவிடுகிறது."
"நீங்கள் அணைக்க வரும்போதே
கதவை உடைத்துக்கொண்டு வருகிறீர்கள்."
இரண்டும் செய்தித்தாள் தலையங்கம்போல இருந்தன.
கொஞ்ச நேரம் வெட்கத்தோடு
உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மகன் திமோ பிரஸ்ஸல்ஸில் கூட்டக் குறிப்பு எழுதுகிறான்.
'கண்டிக்கிறோம்' என்பதா,
'ஆழ்ந்த கவலை கொள்கிறோம்' என்பதா,
பதினோரு மணி நேரம் பேசினார்களாம், ஒருமுறை.
தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தேன்.
அன்று எரிந்துகொண்டிருந்த ஊரின் பெயர்
இப்போது எனக்கு நினைவில்லை.

அவள் பூட்ஸைக் கதவருகே வைத்துவிட்டுத் தூங்குகிறாள்,
கூப்பிட்டால் ஓடத் தோதாக.
எங்கள் தெருவில் அப்படித் தூங்கி
மூன்று தலைமுறை ஆகிறது.
அவள் அப்படித் தூங்குவதாலா,
திமோ கூட்டத்தில் தூங்காமல் இருப்பதாலா?
நான் விவசாயி. எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு சால் நான் ஓட்டட்டுமா என்றாள்.
மெதுவாக என்றேன்.
மெதுவாகத்தான் ஓட்டினாள்,
காதைத் தீட்டிக்கொண்டு.
கொழுவில் 'ணங்' என்றதும் நிறுத்தி, இறங்கி,
மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள்.
கல்.

அதை இரண்டு கையிலும் ஏந்திப் போய்
கம்பத்தடியில் குண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
எதற்கும் இருக்கட்டும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது.
கல் இன்னும் அங்கேயே இருக்கிறது.